வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு

கார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதன் நான்கு கதவுகளில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஓட்டுபவர் பக்கத்துக் கதவை ஓங்கி அடித்தால்தான் மூடும். அதற்கு எதிர்ப்பக்கம் இருந்ததைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். பின்னால் வலது கதவு பூட்டிக் கிடந்தது. அதன் சாவி எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. பின்னால் இடது கதவுக்குப் பூட்டின் நாக்கே பிடிக்காது. மூடினால் மூடிய மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் அதன் கைப்பிடியிலிருந்து எதிர்க் கதவின் கைப்பிடிவரை ஒரு கிணற்றுக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். பின்சீட்டில் உட்காருகிறவர்களின் மடிமேல் அந்தக் கயிறு கிடக்கும். மேலே கூரைத் துணி பூச்சி அரித்துத் தொங்கி, உயரமானவர்களின் தலையில் உரசும்.

மதனபள்ளிப் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன இங்கிலீஷ் கார் அது. என் கணவர் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். நான் மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கும் தையலும் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் மகள் அப்போதுதான் வாய் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தாள். கார் வாங்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனால் அவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விடும் என்று காலையில் ஒருவர் சொல்வார். சித்தூரே போய்விடும் என்று மாலையில் இன்னொருவர் சொல்வார். என் கணவரிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்களில் பாதிப் பேர் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்கள். அவருடைய அப்பாவின் நிலமும் அந்தப் பக்கம்தான், நகரியைத் தாண்டி. காலையில் காபி குடிக்கும்போது திருத்தணிக்கே போய்விடலாம் என்பார். கோர்ட்டிலிருந்து வந்ததும் சித்தூர்தான் சரி என்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவார். எங்கே வேண்டுமானாலும் போய் வரக் கார் இருந்தால் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஒரு வழக்குக்காகத் திருப்பதி போக வேண்டியிருந்தது. எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். நானும் மகளும் பின்சீட்டில். பாகாலாவில் நிறுத்தி டீ குடித்தபோது கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவசரமாகக் கட்டியிருக்கிறார். சந்திரகிரிக்கு முன்னால் ஒரு வளைவில் கார் திரும்பியபோது கயிறு நழுவிக் கதவு விரியத் திறந்தது. மகள் கதவின் ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கதவோடு அவளும் போனாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய கவுனின் பின்பக்கம் என் கையில் இருந்தது. சாப்பாட்டுக் கேரியர் வெளியே விழுந்து உருண்டு, ரோடு முழுக்கப் புளியோதரை சிதறியது.

அவர் காரை நிறுத்தி இறங்கினார். எங்களிடம் வரவில்லை. ரோட்டில் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு வந்து கயிற்றை எடுத்து முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார். மகளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. சோறு கொட்டிவிட்டதே என்றுதான் அழுதாள். இனி இந்தக் கதவு சரியாகிறவரை குழந்தையை இதில் ஏற்ற மாட்டேன் என்று நான் சொன்னேன். திரும்பி வரும்போது நானும் அவளும் பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

சித்தூரில் அந்தக் கதவைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. பஸ் ஷெட் மெக்கானிக் இன்ஜினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வண்டி நல்லாத்தானே ஓடுது, கதவெல்லாம் ஆசாரி வேலை என்றார். ஆசாரி வந்து தட்டிப் பார்த்து, இது தகடு, கொல்லனிடம் போ என்றார். கொல்லன், உள்ளே கண்ணாடி இருக்கிறது, சுத்தியல் பட்டால் போச்சு என்று கையைக் கட்டிக்கொண்டார். என் கணவருக்கு அதற்குள் சலித்துவிட்டது. விற்றுவிடலாம் என்றார். மறுநாள் வேறு கார் வாங்கலாம் என்றார்.

ஒரு சனிக்கிழமை அவர் வெளியே போயிருந்தபோது நானே திறந்து பார்த்தேன். தையல் மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டுகிறவள் நான். இதுவும் யாரோ பூட்டியதுதானே, பிரிக்க வழி இருக்கும் என்று தோன்றியது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி கழலவே இல்லை. திருகாணியைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. கடைசியில் கைப்பிடிக்குப் பின்னால் இருந்த வளையத்தை அழுத்தியபோது அடியில் ஒரு சின்ன ஆணி தெரிந்தது. இன்னொரு ஆணியால் அதைக் குத்தித் தள்ளியதும் கைப்பிடி கையோடு வந்தது. உள்பக்கத்து அட்டைப் பலகை கதவைச் சுற்றிலும் கவ்விகளில் மாட்டியிருந்தது. அதைத் தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்தேன். பாதி கையிலேயே உதிர்ந்தது. மழைத் தண்ணீர் குடித்து ஊறி, காய்ந்து, மறுபடி ஊறியிருந்தது. கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைச் சருகும் மண்ணும் அடைத்திருந்தன.

கதவின் விளிம்பில் இருந்த திருகாணிகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து வந்ததும் கழற்றினேன். பூட்டு கையில் வந்தது. உள்ளே நாக்கைத் தள்ளிப் பிடிக்கும் சுருள்வில் இரண்டாக உடைந்து கிடந்தது. அவ்வளவுதான் கோளாறு. என் மகளை வெளியே தள்ளியது இந்தச் சுண்டுவிரல் அளவு கம்பி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அளவில் சுருள்வில் சித்தூரிலும் கிடைக்கவில்லை, திருப்பதியில் டிரங்குப் பெட்டிக் கடைகளிலும் பூட்டுக் கடைகளிலும் கிடைக்கவில்லை. வீட்டில் சமையலறை மூலையில் எலிப்பொறி இருந்தது. அதன் வில் கொஞ்சம் தடிமன். ஆனால் பொருந்தியது. நாக்கு போய் விழும் தகடு தேய்ந்திருந்ததால் பவுடர் டப்பாவை வெட்டி அதன் அடியில் வைத்து உயர்த்தினேன். புதுப் பலகையைத் தேயிலைப் பெட்டியின் பலகையிலிருந்து வெட்டி, திருப்பதியில் வாங்கிய பழுப்பு ரெக்ஸினை ஒட்டினேன். என் கணவர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு திருகாணியை எடுத்துப் பார்ப்பார், வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

கதவு மூடியது. எலிப்பொறி மாதிரியே மூடியது. பிடித்தால் விடவில்லை. ஒரு குறை மட்டும் இருந்தது. உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி துருப்பிடித்து வளைந்திருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கழற்றி டிக்கியில் போட்டேன். அதனால் பின்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் அது சும்மா சுற்றும்.

அதற்குள் நகரி பஸ் கண்டக்டர் மூலம் சேதி வந்தது. என் மாமனாரின் காலில் முள் குத்திய புண் ஆறவில்லை, வீங்கிவிட்டது, சர்க்கரை வேறு. மாமாவும் ஓரிடத்தில் இருக்கிற மனிதர் இல்லை. ஊர் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்பதற்காகவே பஸ் ஏறிச் சித்தூருக்கு வருவார். பதில் கிடைக்காது, சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அவரே எழுந்து வரவில்லை என்றால் புண் எப்படி இருக்கும் என்று எங்களுக்குப் புரிந்தது. மகளை எங்கள் சபைப் பாஸ்டர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் காரில் மாமாவின் ஊருக்குக் கிளம்பினோம். திருப்பதியில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமாவைப் பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்க வைத்து, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஓட்டினார் என் கணவர்.

புத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய புளியங்கிளை கிடந்தது. அதற்குப் பின்னால் எல்லைக்காக மறியல் செய்கிற கூட்டம். அது எந்தப் பக்கத்துக் கூட்டம் என்று தெரியவில்லை. தமிழர்களாக இருந்தால் ஒன்று, தெலுங்கர்களாக இருந்தால் வேறொன்று. திரும்பிப் போகவும் முடியாது. பின்னால் இரண்டு மாட்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன.

என் கணவர் காரை நிறுத்திவிட்டு உதடு அசையாமல் கேட்டார்: "எதுல பேசறது?"

"அவங்க எதுல கேக்கறாங்களோ அதுல," என்றேன்.

ஒருவர் வந்து குனிந்து, "எக்கட நுஞ்சி வஸ்துன்னாரு?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்டார். என் கணவர் தெலுங்கில் வழக்காடக்கூடியவர். ஆனால் அவர் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது. கோர்ட்டில் ஜட்ஜிடம் பேசுகிற இங்கிலீஷ். கேட்டவர் முகம் மாறிவிட்டது. யாரோ ஆபீசர் என்று பின்னால் ஒருவர் தமிழில் சொன்னார். இன்னொருவர் பானெட்டை ஓங்கித் தட்டினார். கூட்டம் காரைச் சுற்றிக்கொண்டது. நான் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தேன், பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று. இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து மாமா மகனிடம் சொன்னார், "நைனா, கதவத் தொற. ஒண்ணுக்குப் போவணும்."

"இப்பவா?" என்றார் என் கணவர்.

"சக்கரை உன்னியும் என்னியும் கேட்டுக்கினா வருது?"

அவரே எழுந்து உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். அது சுற்றியது. மறுபடி திருகினார். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தவர்களுக்கு உள்ளே ஒரு கிழவர் கதவோடு மல்லுக்கட்டுவது மட்டும் தெரிந்தது. எங்களை முறைத்துவிட்டு, அடைத்து வைத்து எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒருவர் தெலுங்கில் கத்தினார். கத்திக்கொண்டே வெளிக் கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. மாமா கட்டுப்போட்ட காலை முதலில் வெளியே நீட்டினார். சீழ் நாற்றம் அடித்தது. எல்லாரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

கதவைத் திறந்தவரே தோள் கொடுத்தார். இன்னொரு தோளுக்குத் தமிழில் பேசியவர் வந்தார். இருவரும் மாமாவை ரோட்டோரத்துப் புதர்வரை தாங்கிக்கொண்டு போனார்கள். அதுவரை இரைந்துகொண்டிருந்த கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். அவருக்கு முடிக்க நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாமா தோள் கொடுத்தவர்களிடம் ஊர் பெயரைச் சொல்லி, அது எந்தப் பக்கம் போகிறது, உங்களுக்குத் தெரியுமா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெலுங்குக்காரரின் மாமனார் ஊர் அதற்குப் பக்கத்து ஊர்தானாம். அவருக்கும் தெரியவில்லை. மாமாவைச் சீட்டில் உட்கார வைத்து, காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கதவு முதல் தடவை மூடவில்லை. எலிப்பொறி வில் எதிர்த்தது. இரண்டாம் தடவை பலமாகத் தள்ளி மூடினார்கள். நான்கைந்து பேர் கிளையை ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

ரேணிகுண்டா வந்ததும் மாமா, "நல்ல பசங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். என் கணவர் வராந்தாவில் நடந்தார். கேட்டுவரை போனார், வந்தார், நர்ஸிடம் கேட்டதையே கேட்டார். எனக்கோ மகள் பாஸ்டர் வீட்டில் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்ற கவலையாகவே இருந்தது. என்னாலும் உட்கார முடியவில்லை. வேப்ப மரத்தடியில் நின்ற காரிடம் போய்ப் பின்கதவின் பலகையை மறுபடி கழற்றினேன். டிக்கியிலிருந்து அந்த வளைந்த கம்பியை எடுத்து, ஆஸ்பத்திரிப் படிக்கல்லில் வைத்துக் கூழாங்கல்லால் தட்டி நிமிர்த்தினேன். கம்பியைப் பூட்டோடு பிணைக்கும் முள் தொலைந்திருந்தது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி மாட்டி, இரண்டு காலையும் பிரித்து மடக்கினேன்.

என் கணவர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வெளியே காலை நீட்டிக்கொண்டு, கதவு திறந்தபடி. அவர் கடைசியாக எப்போது அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்தார் என்று எனக்கு நினைவில்லை.

"அன்னிக்கி வாயில இங்கிலீஷ்தான் வந்திச்சி," என்றார்.

நான் கதவின் பலகையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சித்தூர்ல கீறப்ப திருத்தணில இருக்கணும்னு தோணுது. அங்க போனா இங்க தோணும். எனக்கே தெரியுது. ஆனா மனசு நிக்க மாட்டேங்குது."

"நீங்க திருத்தணிக்குப் போய்ப் பாருங்க," என்றேன். "நான் வரல. எனக்கு ஸ்கூல் கீது. பாப்பா சித்தூர்லதான் படிக்கணும். நீங்க போய் ஆபீஸ் வச்சிப் பாருங்க. சனி ஞாயிறு வாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் அப்படி எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. புருஷன் எங்கே போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதுதான் வழக்கம். அவர் கோபிக்கவில்லை. உள்கைப்பிடி இப்போது வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். பின்சீட்டில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, தானே திறந்து இறங்கினார். மறுபடி ஏறினார். குழந்தை மாதிரி மூன்று நான்கு தடவை செய்தார்.

மாமாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது நாராயணவனத்தில் நிறுத்தி, நெசவுக்காரர் ஒருவரிடம் கெட்டியான காடாத் துணி வாங்கினேன். சித்தூருக்கு வந்ததும் பழைய கூரைத் துணியைப் பிரித்தெடுத்து, அதே அளவில் வெட்டி, கம்பிகள் நுழைவதற்கு மடிப்பு வைத்துத் தைத்தேன். மேலே ஏற்றும்போது நானும் மகளும் காருக்குள் மல்லாந்து படுத்து இழுத்தோம். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்துவிட்டது. அதை எவ்வளவு முயன்றும் எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டேன்.

எல்லைக்கோடு கடைசியில் போடப்பட்டபோது திருத்தணியும் மாமாவின் ஊரும் மெட்ராஸ் பக்கம் போயின. சித்தூர் ஆந்திராவிலேயே இருந்தது. மாமா அதற்குப் பிறகு பஸ் ஏறி வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேறு விஷயம் இல்லாமல் போனது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். என் கணவர் திருத்தணியில் ஓர் அறை எடுத்து போர்டு மாட்டினார். திங்கட்கிழமை விடியலில் போவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். சில வருஷங்கள் அப்படியே ஓடின. பிறகு போர்டைக் கழற்றிக்கொண்டு சித்தூருக்கே வந்துவிட்டார். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். நான் கேட்கவில்லை.

நினைவில் நிற்பது முதல் வெள்ளிக்கிழமைதான். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் என் காது தெருவிலேயே இருந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் சொல்லித் திருத்தினேன். அவரைப் போகச் சொன்னவள் நான்தான். ஆனாலும் புதன்கிழமையே சட்டென்று பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். துணிகூட எடுத்து வைத்தேன். மறுபடி பீரோவில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் காரில் வந்தார். காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். "வாங்க, ஒரு சுத்து சுத்திகினு வரலாம்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டேன். கட்டமஞ்சி ஏரிக்கரைவரை ஓட்டிப்போய் நிறுத்தினார். ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது, எருமைகள் கரையேறிக்கொண்டிருந்தன. நாங்கள் இறங்கவில்லை. திருத்தணியில் அறை எப்படி இருக்கிறது, சாப்பாடு எங்கே என்று நான் கேட்டேன், அவர் சொன்னார். பள்ளியில் என்ன என்று அவர் கேட்டார், நான் சொன்னேன். மகள் பின்சீட்டில் ஏறி நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நகரியில் ரயில் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் அவரால் வெகுநேரம் இருக்க முடியவில்லை, இருட்டும் முன்பே இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.